குட்டனின் குறட்டையை ரசித்த நாங்கள்

குளச்சலிலிருந்து:
எங்கள் பக் நாய்க்கு 4 வயது, பெயர் குட்டன். அவன் குறட்டை விட்டால் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. வந்தவர்கள்கூட வீடியோ எடுத்துப் போவார்கள். அது மூச்சுக்குத் திணறும் சத்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன வைகாசியில் வெயில் தாழ்ந்த பிறகுதான் நடக்கக் கூட்டிப் போனேன். வானம் மூடிக் கிடந்தது, கடல் பக்கமிருந்து துளிக் காற்று இல்லை. பத்து நிமிடத்தில் முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி நின்றுவிட்டான். நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றி, ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நாகர்கோவில் போய்ச் சேரும்வரை ஈரத்துண்டால் வயிற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அங்கே பார்த்தபோது உடம்புச் சூடு 106 டிகிரி. ஆக்சிஜன் வைத்து, டிரிப் ஏற்றி, எப்படியோ பிழைத்தான்.

டாக்டர் சொன்னது இதுதான்: முகத்தெலும்பு குட்டையாகிப் போன இனம் இது, ஆனால் உள்ளே இருக்கும் சதை குறையவில்லை. அண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுப்பாதையை அடைக்கிறது, மூக்குத் துவாரமோ வெறும் கீறல். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை ஆற்றும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கி, வழி இன்னும் சுருங்கும். ‘வெயில்தான் இல்லையே’ என்று நினைத்தது என் தப்பு. நம் கடலோரப் புழுக்கமே போதும்.

அப்புறம் அறுவை சிகிச்சை செய்து துவாரத்தை அகலமாக்கி, அண்ணத்தைக் கொஞ்சம் வெட்டினார்கள். மயக்கம் முழுக்கத் தெளியும்வரை தொண்டைக்குழாயை எடுக்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை மறக்க முடியாது.

மார்த்தாண்டத்திலிருந்து:
அக்கா, எங்கள் பக் 13 கிலோ இருந்தது. பக் என்றால் 8 கிலோ வரைதான் இருக்க வேண்டுமாம். மீன் பொரித்தால் முதல் துண்டு அதற்குத்தான், அவ்வளவு செல்லம். ஓரிடத்தில் சளி என்றே மாதக்கணக்கில் சிரப் கொடுத்தார்கள். வேறு டாக்டர்தான் எடையைக் குறைக்கச் சொன்னார். இப்போது 9 கிலோ, மாடிப்படி ஏறுகிறது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சில் மாட்டும் பெல்ட்டுக்கு மாறிவிட்டோம்.

தக்கலையிலிருந்து:
குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் நாயைக் கொஞ்ச நேரம் நடக்கவிட்டு, அதன் மூச்சைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, இரண்டு வயதில் என் நாயைப் பறிகொடுத்தேன். அக்கா, குட்டன் இப்போது எப்படி இருக்கிறான்?

குளச்சலிலிருந்து:
நல்லா இருக்கிறான் தம்பி. தினமும் அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவேன். 30-ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுவேன். நேற்று ராத்திரி 22.