பத்து நாள் என்று சொன்ன வேலை உங்களுக்கு எத்தனை நாளில் வந்தது? அனுபவம் சொல்லுங்கள்

கணபதி பேனல்

40 என்க்ளோஷர் (மின் பேனலுக்கான தகட்டுப் பெட்டி). 600×400×200 மி.மீ., 1.6 மி.மீ. சிஆர்சிஏ இரும்புத் தகடு, கலர் ஆர்ஏஎல் 5012, வெளிர் நீலம். ஷாப்பில் பத்து நாள் என்றார்கள், 26 நாள் ஆனது. இதெல்லாம் நம் தொழிலில் புதிதில்லை. ஆனால் 16ஆம் நாள் சாயங்காலம் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

லேசர், பெண்டிங் ஐந்தாம் நாளே முடிந்தது. வெல்டிங்கும் கிரைண்டிங்கும் எட்டாம் நாள். அதுவரை நிம்மதியாகத்தான் இருந்தேன். அப்புறம் தினமும் போன் செய்தால் "கோட்டிங்கில இருக்குதுங்க" என்று ஒரே பதில். சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று வண்டியை எடுத்தேன். ஐப்பசி மழை, கொட்டகைக்குள் தரையெல்லாம் ஈரம். என் பெட்டிகள் பாஸ்பேட்டிங் (கலருக்கு முன் தொட்டிகளில் முக்கி எடுப்பது) முடிந்து பலகை மேல் வரிசையாக நின்றன, ஒன்றில்கூடக் கலர் இல்லை. ஒரு பெட்டியின் மூலையில், வெல்டிங் போட்ட இடத்தில் விரலை வைத்து இழுத்தேன். செம்பழுப்பாக விரலோடு வந்தது.

தொட்டி காலியாக இருந்தது என்று வேறு லாட்டோடு சேர்த்து ஐந்து நாள் முன்பே முக்கி எடுத்துவிட்டார்கள். 5012 கலர் பவுடர் கையிருப்பில் இல்லை. அங்கே தினமும் ஓடுவது 7032, 7035 என்ற சாம்பல் கலர்கள் மட்டும். 20 கிலோ பெட்டி ஒன்று வரவழைக்க வேண்டும். வந்தாலும் பெரிய லாட் முடிந்து, பவுடர் அடிக்கிற பூத், கன், ஹாப்பர் எல்லாம் துடைத்த பிறகுதான் நம் கலரை ஏற்றுவார்கள். கடைசியில் நாற்பதையும் மறுபடி ஏழு தொட்டியிலும் முக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அத்தனை பெட்டிக்கும் லேசர் ஓடிய நேரம் ஒரு நாள்கூட இல்லை. மீதி நாள் முழுவதும் பெட்டி எங்கோ ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த நாட்களை யார் கணக்கு வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

அம்பத்தூர் ஷீட்மெட்டல்

சார், உங்கள் வருத்தம் புரிகிறது. நான் வேலை செய்து கொடுக்கிற பக்கத்து ஆள், சின்ன ஷாப், ஒரு பிரஸ் பிரேக் (தகடு மடிக்கிற மிஷின்), லேசர் வெட்டு வெளியில்தான். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பத்து நாள் என்பது எந்தத் தேதியிலிருந்து? பிஓ (ஆர்டர் தாள்) வந்த நாளா, டிராயிங் ஒழுங்காகக் கைக்கு வந்த நாளா?

போன வருடம் 120 பிராக்கெட் வந்தது. 2 மி.மீ. தகடு, ஒரு பக்கம் விளிம்பு 8 மி.மீ. என்று டிராயிங்கில் இருக்கிறது. எங்களிடம் 2 மி.மீ.க்குப் போடுவது 16 வி டை, அதாவது 16 மி.மீ. அகல வி வடிவ அச்சு. அதில் 11 மி.மீ.க்குக் குறைந்த விளிம்பு உட்காராது, உள்ளே சரிந்துவிடும். திங்கட்கிழமை காலையிலேயே மெயில் போட்டேன், போனும் செய்தேன். "டிசைனில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள்.

எங்கள் ஆபரேட்டர் வெட்டி வந்த பிளாங்க் (மடிக்காத தகட்டுத் துண்டு) ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் நின்றார். "அண்ணே, போடவா வேணாமா?" என்று அன்றைக்கு மட்டும் மூன்று முறை கேட்டிருப்பார். அவரை வேறு வேலைக்கு மாற்றினால் செட்டிங் கலைந்துவிடும். மாற்றாவிட்டால் மிஷின் சும்மா நிற்கும். வெள்ளிக்கிழமைதான் பதில் வந்தது, ரெவ் பி என்று ஒரு புது டிராயிங். விளிம்பு 12. பிளாங்க் அளவே மாறிவிட்டது. வெட்டிய 120 பிளாங்க்கும் இன்றுவரை எங்கள் ரேக்கில் இருக்கிறது.

அந்த கம்பெனியின் ரெஜிஸ்டரில் எங்கள் பேருக்கு நேரே "டெலிவரி தாமதம் 9 நாள்" என்று எழுதியிருக்கிறார்கள். அதை நானே கண்ணால் பார்த்தேன். பதில் சொல்ல அவர்கள் எடுத்த நாட்களுக்கு அதில் ஒரு கட்டமே இல்லை.

பீளமேடு எஸ்எஸ்

எனக்கு நேர் எதிர். மூன்று நாளில் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், மூன்றாம் நாளே தந்தும் விட்டார். பால் பொருள் செய்யும் இடத்துக்கு 12 வொர்க் டேபிள், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம். பளபளவென்று, ஃபிலிம்கூடப் பிரிக்காமல் வந்து இறங்கியது. அவ்வளவு சந்தோஷம்.

வாங்குகிற இடத்தில் ஒருவர் சின்ன பாட்டிலும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் எடுத்து வந்தார். டேபிள் காலுக்கு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு பேட்டரியை வைத்தார். சொட்டு சிவப்பாக மாறியது. அடுத்த டேபிள், அதுவும் சிவப்பு. 304 இல்லை, விலை குறைந்த 202 ரகத் தகடு. காந்தம் வைத்துப் பார்த்துத்தான் நான் ஏற்றி அனுப்பியிருந்தேன். 202, 304 இரண்டிலுமே காந்தம் பிடிக்காது, அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

304 அந்த வாரம் 1.2 தடிமனில் கையிருப்பு இல்லையாம், இருந்ததைப் போட்டு முடித்திருக்கிறார். நாள் தவறக்கூடாது என்று நான் அடித்துச் சொன்னதுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. திரும்பச் செய்து கொடுக்க மொத்தம் 19 நாள் ஆனது. இப்போது யாராவது மூன்று நாள் என்றால் தகட்டின் ரகம் சொல்கிற மில் சர்டிபிகேட் எங்கே என்பதுதான் என் முதல் கேள்வி.

ஓசூர் டிசைன்

என்னுடையது வெறும் ஐந்து பீஸ். பேட்டரி பாக்ஸுக்கு மவுன்டிங் பிராக்கெட், புரோட்டோடைப். ஐந்துதானே, இடையில் நுழைத்து ஒரே நாளில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். சின்ன லாட்டுக்குத்தான் வரிசையில் இடமே கிடைக்காது என்பது அப்போது தெரியாது. டை மாற்றி, முதல் பீஸ் அளந்து, கோணம் சரிபார்க்கிற நேரம் ஐந்துக்கும் ஐநூறுக்கும் ஒன்றுதானே.

நான் போன அன்று ஆயுத பூஜை. மிஷின் முழுக்கக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தது. லேசர் மிஷின் மேசை மேல் என் தகடு. பாதி வெட்டி, பீஸ்கள் சிறு ஒட்டில் நிற்க, பிரிக்காமல், அதன் மேலும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். கையில் பொரி கடலை கொடுத்தார்கள். இனி விஜயதசமி கழித்துத்தான் தொடுவார்கள். என்னால் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. அப்புறம் ஆபரேட்டர் தீபாவளி, சத் பூஜை என்று பீகாருக்குப் போனவர் வர மூன்று வாரம்.

திருவெறும்பூர் இன்ஸ்பெக்‌ஷன்

22 வருடம் ஃபேப்ரிகேஷன் ஷாப்களுக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனவன். தகட்டில் அழுத்திப் பதிக்கிற எம்5 கிளின்ச் நட்டு ஒரு பாக்கெட்டுக்காக 200 கதவு பத்து நாள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கோட்டிங்குக்கு முன்னாடியே அழுத்திவிட வேண்டிய நட்டு அது. நட்டு வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. என் கதை அவ்வளவுதான்.

கணபதி நண்பர் கோட்டிங் ஆளைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. 5012 என்று பிஓவில் எழுதிய அன்றே பவுடர் இருக்கிறதா என்று கேட்டிருந்தால், வெட்டி, மடித்து, வெல்டு ஆகிற எட்டு நாளில் பவுடர் வந்து சேர்ந்திருக்கும். அம்பத்தூர் நண்பரையும் முழுக்க ஏற்கவில்லை. 8 மி.மீ. விளிம்பு டையில் உட்காராது என்பது கொட்டேஷன் போடும்போதே தெரிய வேண்டியது. வெட்டிய பிறகு மெயில் போடுவது எந்த விதத்தில் சரி?

நான் சொல்வது இதுதான். ஷாப்பில் ஒரே ஒரு டெலிவரி தேதி கேட்காதீர்கள். தகடு எந்தத் தேதி உள்ளே வரும், முதல் பீஸ் எந்தத் தேதி மடித்துக் காட்டுவீர்கள், கோட்டிங்குக்கு என்று போகும், என்று திரும்பும் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் பீஸை நேரில் போய் நீங்களே அளந்து கையெழுத்துப் போடுங்கள். ஒரு ஓட்டை பெண்ட் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்து ஓவலாக இழுத்துக்கொண்டால் அது ஒரு பீஸோடு போகட்டும். டிராயிங்கில் எல்லா மடிப்புக்கும் ஒரே உள் ஆரம் போடுங்கள், ஷாப்பில் எந்த டை இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். 3 மி.மீ.க்கு மேல் எம்எஸ் (சாதா இரும்பு) தகட்டை லேசரில் ஆக்சிஜன் விட்டு வெட்டினால் விளிம்பில் படியும் கருப்பைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பவுடர் அங்கிருந்துதான் உரியும், திரும்பப் போய் வர ஒரு வாரம் போகும். 40 பெட்டி என்றால் நாற்பதும் ஒன்றாக நகர வேண்டியதில்லை, பத்துப் பத்தாக விடுங்கள், தப்பு முதல் பத்திலேயே தெரிந்துவிடும். பாஸ்பேட்டிங் ஆனதை அன்றைக்கே கோட்டிங் அடிக்க முடியாது என்றால் தொட்டியிலேயே இறக்க வேண்டாம் என்று சலானில் எழுதுங்கள். போனில் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது.

அம்பத்தூர் ஷீட்மெட்டல்

ஐயா, கொட்டேஷனுக்கு எனக்கு வருவது ஒரு போட்டோ, ஒரு எடை, "பெஸ்ட் ரேட் ப்ளீஸ்". விளிம்பு அளவு அதில் எங்கே இருக்கிறது? முழு டிராயிங் பிஓவோடுதான் வரும். வந்த அன்றே எல்லா விளிம்பையும் டையோடு ஒத்துப் பார்த்துவிட்டு லேசருக்கு அனுப்பியிருக்க வேண்டும், அதைப் பார்க்காதது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறுதொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006 சட்டம். தராவிட்டால், கொடுக்கிற வருடம் வரை வாங்குகிறவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமானவரியிலும் 43பி(எச்) என்ற பிரிவைக் கொண்டுவந்தார்கள். எனக்கு இன்றும் 90ஆம் நாள்தான் வருகிறது. பணம் வராமல் தகட்டுக்காரருக்குக் கொடுக்க முடியாது, கொடுக்காமல் அடுத்த ஷீட் இறங்காது. உங்கள் பத்து நாளில் நான்கு நாள் அங்கே போகிறது. இதை எந்த கஸ்டமரிடமும் வாய் திறந்து சொல்ல முடிவதில்லை.

கணபதி பேனல்

அம்பத்தூர் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த 40 பெட்டியின் பில்லை எடுத்துப் பார்த்தேன். நான் பணம் கொடுத்தது 71ஆம் நாள். என் கஸ்டமரிடமிருந்து எனக்கு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் தினமும் போன் செய்து அவர்களைக் கேட்டது நான்தான், அவர்கள் பணத்துக்காக ஒரு முறைகூட என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த லாட் அதே ஷாப்பிலேயே கொடுத்திருக்கிறேன், முன்பணம் பாதி. திருவெறும்பூர் ஐயா சொன்னது போலப் பத்துப் பத்தாக. முதல் பத்தின் முதல் பீஸ் அளக்க நாளைக் காலை போகிறேன்.

5012 பவுடர் மீதி 11 கிலோ இருக்கிறது. ஈரம் படாமல் கட்டி வைத்திருக்கிறேன், பிரித்து நான்கு மாதம்தான் ஆகிறது. கோவை பக்கம் யாருக்காவது சின்ன லாட் அந்தக் கலரில் மாட்டிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம்.