புதுப்பிப்பு: லைஃப் இன் தி யூகே தேர்வு முடிந்தது

பிரிட்டிஷ் குடியுரிமைக்கான லைஃப் இன் தி யூகே தேர்வில் வரலாற்றுப் பகுதியின் ஆண்டுகளை எப்படி நினைவில் வைப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். தேர்ச்சி பெற்றுவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் ஒரே கதையாகப் படியுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. நான் வாக்குரிமையின் கதையை எடுத்துக்கொண்டேன். வாக்குரிமையை ஓரளவு விரிவாக்கிய 1832 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகும் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் வாக்குரிமை கேட்டுத் தொழிலாளிகள் நடத்திய சார்ட்டிஸ்ட் இயக்கம். அவர்கள் கேட்ட ரகசிய வாக்கெடுப்பு 1872இல் வந்தது. 1918இல் 21 வயதான ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு. பெண்களுக்கோ 30 வயது, அதிலும் சொத்துத் தகுதி. சரிசமம் ஆனது 1928இல்தான். 1969இல் வயது 18 ஆனது. இவ்வளவு போராடி வாங்கிய உரிமை என்று தெரிந்தபின் அந்தப் பக்கங்களை வெறும் பாடமாகப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது: இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டவர் முறையான விசாவில் இங்கே வசித்தால், குடியுரிமைக்கு முன்பே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். தயவுசெய்து பெயரைப் பதிவு செய்யுங்கள்.

தேர்வில் 24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் போதும். அதிகாரபூர்வக் கையேட்டை மட்டும் படித்தாலே போதுமானது. அப்புறம், நிரந்தர வசிப்புக்காக ஏற்கெனவே இதில் தேறியவர்கள் குடியுரிமைக்காக மறுபடி எழுத வேண்டியதில்லை.