பழைய கால்வனாமீட்டர் (சிறு மின்னோட்டத்தையும் முள் அசைவில் காட்டும் கருவி) யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். 1820இல் டென்மார்க் இயற்பியலாளர் ஏர்ஸ்டெட் கண்டதை அவர்களே செய்து பார்த்துவிட்டார்கள்: தெற்கு வடக்காகப் பிடித்த கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததும் அடியிலிருந்த காந்த ஊசி சட்டென்று திரும்பியது. மின்கல முனைகளை மாற்றியதும் எதிர்ப்பக்கம் திரும்பியது.

சிக்கல் ஆங்கிலேய அறிவியலாளர் ஃபாரடே கண்டதில்தான். சுருளுக்குள் காந்தம் அசைந்தால் மின்னோட்டம் உண்டு, சும்மா கிடந்தால் இல்லை என்பதைக் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் நம்ப மறுக்கிறார்கள். (எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.) டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண்கள் ஓடுகின்றனவே தவிர, முள் இருபுறமும் ஆடுவதைப் பார்க்க முடியாது.

நடுவில் சுழியம் உள்ள கால்வனாமீட்டர் இரவலாகக் கிடைத்தால் போதும். சுருள் சுற்ற எனாமல் பூசிய செம்புக் கம்பி புதுச்சேரியில் சில்லறையாக எங்கே கிடைக்கும்? மோட்டார் காயில் கட்டுபவர்கள் இருந்தால் மிச்சக் கம்பி தந்தாலும் சரி, வந்து வாங்கிக்கொள்கிறேன்.