3 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மாற்றம் நாகசாகியில் 4.78 மீட்டர் அலையானது எப்படி?

சேர்வராயன்வாசி:
வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாரந்தோறும் போய்வருகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டுவதற்குள் காது அடைத்துவிடும். கைப்பேசியின் அழுத்தமானி 100 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அலகு) மேல் இறங்கிக் காட்டும். ஆனால் 1979 மார்ச் 31 அன்று, நிலநடுக்கம் ஏதுமின்றி, நாகசாகி விரிகுடாவில் கடல் 4.78 மீட்டர் ஏறி இறங்கியதற்கு வெறும் 3 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத் தாவலே (காற்றழுத்தத்தின் திடீர் மாற்றமே) தொடக்கம் என்று படித்தேன். 1 ஹெக்டோபாஸ்கலுக்குக் கடல்மட்டம் 1 சென்டிமீட்டர்தானே மாறும்?

மேட்டூர்க்காரன்:
ஐயா, இதற்கு வானிலை சுனாமி என்று பெயர். அந்தத் தாவல் எந்த வேகத்தில் நகர்ந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீள அலையின், அதாவது நீரின் ஆழத்தைவிட முகடுகளின் இடைவெளி மிகப் பெரிதாக உள்ள அலையின், வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. நம் மேட்டூர் அணையில் 120 அடித் தண்ணீர் நிற்கும்போது அந்த ஆழத்துக்குரிய வேகம் மணிக்குச் சுமார் 68 கிலோமீட்டர். 100 மீட்டர் ஆழக் கடலில் சுமார் 113. கிழக்குச் சீனக் கடலில் அன்று அழுத்தத் தாவல் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. நின்றுபோன வண்டியைத் தள்ளுகிறவர் அதனோடு ஓடினால்தான் தொடர்ந்து தள்ள முடியும்; அப்படியே அழுத்தத் தாவலும் அலையும் சேர்ந்து ஓடியதில் 3 சென்டிமீட்டர் சுமார் 16 ஆகியிருக்கும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹிபியாவும் கஜியூராவும் 1982இல் கணித்தனர். ஆங்கிலேயக் கடலியலாளர் பிரௌட்மன் 1929இலேயே விளக்கிய ஒத்ததிர்வு இது. பிறகு கரையோரம் ஆழம் குறையக் குறைய அலை உயர்ந்தது. குறுகிய விரிகுடாவோ, நடைக்கு ஏற்பத் தளும்பும் வாளித் தண்ணீரைப் போல, சுமார் 35 நிமிடத்துக்கு ஒருமுறை தளும்பி அதை மேலும் பெருக்கியது. ஆழ்கடலில் அலை மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடுவதால் எந்தப் புயலாலும் அதனோடு ஓட முடியாது.

சேர்வராயன்வாசி:
மிக்க நன்றி ஐயா. கன்னியாகுமரியில் சொல்லும் கள்ளக்கடலும் இதுதானா?

அலைநோக்கி:
இல்லை, இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கள்ளக்கடல் என்பது தெற்கே வெகுதொலைவில் புயல்காற்று எழுப்பிய பேரலைகள் இங்கே வந்து சேருவது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பத்து, இருபது நொடிகள்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. வானிலை சுனாமியில் அந்த இடைவெளியோ சில நிமிடங்கள் முதல் இரண்டு மணிநேரம் வரை நீளும். 2006 ஜூன் 15 அன்று அப்படியொரு சுனாமியில் ஸ்பெயினின் சியுதாதெயா துறைமுகத்தில் தண்ணீர் வடிந்து படகுகள் தரைதட்டின. திரும்பி வந்த நீர் அவற்றைப் புரட்டிப் போட்டது. இத்தகைய அழுத்தத் தாவல் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், மணிக்கு ஒருமுறை குறிக்கும் அழுத்தமானியில் சிக்காமலே போகலாம். கடலோர நிலையங்களில் நிமிடப் பதிவு இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேர்வராயன்வாசி:
அப்படியானால் அடுத்த கோடை இடிமழையின்போது ஏற்காட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்து, வரைபடத்தை இங்கே பதிவிடுகிறேன்.