ஹலேயாகலாவின் பள்ளத்துக்குள் ஒரு பகல்

ஹவாயின் மாவித் தீவுக்குப் போகிறவர்கள் ஹலேயாகலா எரிமலையின் உச்சியில் விடியலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நடுச்சாமத்தில் எழுந்து, இருப்பதையெல்லாம் போர்த்திக்கொண்டு மலையேறுகிறார்கள். மேகத்துக்கு மேலே சூரியன் வந்ததும் படம் எடுத்துவிட்டு, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள். விடியல் நேரத்துக்கு 2017 முதல் முன்பதிவு கட்டாயம், அவ்வளவு கூட்டம். ஆனால் கண்ணெதிரே விரிந்து கிடக்கும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நாங்கள் நாலு பேர் விடியலை விட்டுவிட்டு, பள்ளத்துக்காகவே ஒரு முழுப் பகலை ஒதுக்கினோம். என்னைக் கேட்டால் அதுதான் சரியான கணக்கு.

போவதற்கு முன்பே ஒரு தள்ளிவைப்பு. எங்களில் ஒருத்தி முந்தின நாள் மதியம் ஸ்கூபா டைவிங் போயிருந்தாள். கடலுக்கடியில் போய் வந்தவர்கள் ஒரு நாளாவது இடைவெளி விடாமல் இந்த மலையில் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்ததும் குமிழியாகக் கிளம்பிவிடும். விமானத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை இந்த மலைக்கும் பொருந்தும். கடற்கரையிலிருந்து 3,055 மீட்டர் உச்சிக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், உடம்பு பழகிக்கொள்ள அவகாசமே கிடையாது. நான்கு பேருக்குமே இது தெரிந்திருந்ததால் ஒரு நாள் கழித்துப் போவதென்று பேச்சில்லாமல் முடிவாயிற்று. மாவிக்குத் திட்டம் போடுகிறவர்கள் கடலையும் மலையையும் அடுத்தடுத்து வைத்துவிடாதீர்கள்.

இந்த நடையில் தொடக்கமும் முடிவும் வேறு வேறு இடம். உச்சிக்குச் சற்றுக் கீழே, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்தில் ஸ்லைடிங் சேண்ட்ஸ் பாதை தொடங்குகிறது. அங்கே உயரம் 2,969 மீட்டர். இறங்கி, பள்ளத்தின் தரையைக் குறுக்கே கடந்து, ஹலேமாவு பாதையில் ஏறி வெளியே வரும் இடம் 2,435 மீட்டர். மொத்தம் 18 கிலோமீட்டர். வண்டியை ஹலேமாவு வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து உச்சிக்கு லிஃப்ட் கேட்டுப் போவதுதான் வழக்கம். நடைக்காரர்கள் லிஃப்ட் கேட்பதற்கென்றே சாலையோரம் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். களைத்து வெளியே வரும்போது நம் வண்டி நமக்காக நிற்கும். இதைத் திருப்பிச் செய்தால் இருட்டுகிற நேரத்தில் மேலே போக வண்டி தேட வேண்டியிருக்கும்.

எங்களை ஏற்றிக்கொண்டது ஒரு வயதான தம்பதி. மலைச்சரிவில் குலா பக்கம் குடியிருப்பவர்கள். ஓட்டிக்கொண்டிருந்த அம்மா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள்?" மூன்று லிட்டர் என்றோம். "தொப்பி?" காட்டினோம். "மழைச்சட்டை?" அதையும் காட்டினோம். அப்புறம்தான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. உள்ளே வெயிலும் மழையும் குளிரும் ஒரே மதியத்தில் வரும் என்றார். அவர் சொன்ன மூன்றும் வந்தன.

மலையென்றால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம் என்றுதானே கால் பழகியிருக்கிறது. இங்கே தலைகீழ். முதல் ஆறேழு கிலோமீட்டரும் இறக்கம்தான். பாதை முழுக்கப் பொடிந்த எரிமலைச் சரளை. காலை வைத்தால் அரை அடி வழுக்கிக்கொண்டு போய் நிற்கிறது. துருச் சிவப்பு, சாம்பல், கருநீலம், இடையிடையே மஞ்சள் என்று நிறம் மாறிக்கொண்டே வருகிறது. சிவப்பெல்லாம் இரும்பு. எரிமலைக் கல்லில் இருக்கும் இரும்பு ஆவியும் காற்றும் பட்டுத் துருப்பிடித்த நிறம் அது. மரமோ வீடோ எதுவும் இல்லாததால் தூரத்தைக் கண்ணால் அளக்க முடியவில்லை. மேலிருந்து பார்க்கையில் யாரோ கொட்டிவைத்த மணல் குவியல்களாகத் தெரிந்தவை, கிட்டே போகப் போக வளர்ந்துகொண்டே இருந்தன. அவற்றில் பெரியதான பூவோ மாவி 180 மீட்டருக்கும் அதிக உயரம். அதன் அடிவாரத்தில் முன்னால் போன ஒருவர் எறும்பளவு தெரிந்தபோதுதான் எங்களுக்கு அளவு பிடிபட்டது.

எங்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தொடங்கும்போதே நெற்றியில் வலி இருந்தது. அதனால் முதல் வளைவிலேயே நின்று பேசிக்கொண்டோம். இறங்க இறங்கக் குறைந்தால் தொடரலாம், ஒரு மணி நேரத்தில் குறையவில்லையென்றால் எல்லோருமே திரும்பிவிடலாம் என்று. இங்கே இறங்குவதைப் போல இரண்டு மடங்கு நேரம் திரும்பி ஏறப் பிடிக்கும், அதனால் இந்த முடிவை மேலேயே எடுத்தாக வேண்டும். அவருக்கு வலி விட்டுவிட்டது.

பெயர்தான் எரிமலைவாய். ஆனால் இந்தப் பள்ளம் எரிமலை வெடித்து உண்டானதல்ல. வடக்கே கோவோலாவ், தெற்கே கவுப்போ என்று இரண்டு பள்ளத்தாக்குகளை மழையும் ஓடைகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்துக்கொண்டே மேலே வந்து, உச்சியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அப்படிக் குடைந்த குழி சுமார் 11 கிலோமீட்டர் நீளம், 3 கிலோமீட்டர் அகலம். அதற்குப் பிறகு நடந்த வெடிப்புகள் தரையை எரிமலைக் குழம்பால் நிரப்பி, இந்தச் சரளைக் குன்றுகளை எழுப்பின. நீர் தோண்டியதை நெருப்பு நிரப்பியிருக்கிறது. தரையில் நின்று வடக்கே பார்த்தால் கோவோலாவ் இடைவெளி வழியாக மேகம் உள்ளே வழிந்து வருவது தெரியும். எந்தப் பக்கம் மதில் இல்லையோ அந்தப் பக்கம்தான் மழை உடைத்த வாசல் என்று அங்கே நின்றால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துவிடும்.

நடுவில் கவிலினாவு என்ற ஓர் ஆழமான துளை, சுற்றிலும் வேலி. எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. ஆனால் ஆழம் சுமார் 20 மீட்டர்தான். பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடியை ஹவாய் மக்கள் இதற்குள் போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். கொடியை எலி தூக்கிக்கொண்டு போனால் பிள்ளை திருடனாகிவிடுவான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இதைப் படித்துச் சொன்னதும் அண்ணா, தன் பிள்ளையின் கொடியை அம்மா தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டிவிட்டதைச் சொன்னார். வேலியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த நடையில் நான் உண்மையில் சொல்ல வந்தது ஆஹினாஹினாவைப் பற்றி. ஆங்கிலத்தில் சில்வர்ஸ்வோர்ட் என்பார்கள். உலகத்திலேயே இந்த மலையின் உயரமான பகுதியில் மட்டும் வளரும் செடி. கால்பந்து அளவுக்குத் தரையோடு உட்கார்ந்திருக்கும். நூற்றுக்கணக்கான கூர் இலைகள், இலை முழுக்க வெள்ளி மயிர். வெயில் பட்டால் கண் கூசும். அந்த மயிர்தான் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இலைக்குள் இருக்கும் பசை போன்ற பொருள் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. இலைகள் உள்வளைந்து நிற்பதால் நடுவில் இருக்கும் குருத்துக்குச் சூடு சேர்கிறது. இரவில் உறைகிற குளிரும் பகலில் கொளுத்துகிற வெயிலும் உள்ள இடத்தில் அது பிழைத்திருப்பது இப்படித்தான்.

சூரியகாந்திக் குடும்பம். இதன் மூதாதை கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு சின்னச் செடி, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் எப்படியோ கடலைக் கடந்து வந்திருக்கிறது. ஒரு செடி 90 ஆண்டுகள் வரைகூட வாழும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்து, விதை விட்டு, செத்துவிடும்.

நாங்கள் போனது ஆகஸ்ட், பூக்கும் காலம். சில்வர்ஸ்வோர்ட் லூப் என்ற சின்னச் சுற்றுப் பாதையில் ஒரு செடி என்னை விட உயரமாகத் தண்டு விட்டு நின்றது. தண்டு முழுக்கக் கருஞ்சிவப்புப் பூக்கள், ஒவ்வொன்றும் பெரிய பொத்தான் அளவு. பூவின் அடியில் பிசின் மாதிரி ஒட்டும் ஈரம், அதில் சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பூக்களின் மேல் கொசுவை விடச் சற்றுப் பெரிய கறுப்புத் தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கூடு கட்டிக் கூட்டமாக வாழாத, தனித்தனியாகப் பொந்தில் முட்டையிடும் உள்ளூர்த் தேனீ அது. ஆஹினாஹினா தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்காது. பக்கத்தில் இன்னொன்று அதே ஆண்டில் பூத்திருக்க வேண்டும், இந்தத் தேனீ இரண்டுக்கும் நடுவே பறக்க வேண்டும். வெளியிலிருந்து வந்துவிட்ட அர்ஜென்டினா எறும்பு இந்தத் தேனீக்களை அழிக்கிறது. ஐம்பது ஆண்டு காத்திருந்து பூத்த செடிக்குத் தேனீ வராமல் போனால் அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஏறக்குறைய அழிந்தே போயிற்று. ஆடு மாடு தின்றது ஒரு பக்கம். மலையேறி வந்தவர்கள் உச்சியைத் தொட்டதற்குச் சாட்சியாகச் செடியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வேரோடு பறித்துச் சரிவில் பந்தாக உருட்டி விளையாடினார்கள். தேசியப் பூங்காவாகி, வேலி போட்டு, ஆடுகளை வெளியேற்றிய பிறகு மெல்ல மீண்டது. இப்போது மலை வறண்டு வருவதால் மறுபடியும் குறைகிறது. 1992 முதல் அமெரிக்க அரசின் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் பாதையை விட்டு இறங்கி, செடிக்குப் பின்னால் முக்காலி வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினார். செடியைத் தொடவில்லை, நல்ல மனிதர்தான். ஆனால் ஆஹினாஹினாவின் வேர் ஆழத்துக்குப் போகாது. மேல்மண்ணிலேயே நாலா பக்கமும் பரந்திருக்கும். பக்கத்தில் சரளையை மிதித்தாலே அடியில் வேர் நசுங்கிவிடும். எங்கள் ஸ்கூபாக்காரி அவரிடம் போய், குரலை உயர்த்தாமல், "நீங்கள் நிற்பது அதன் வேரின் மேல்" என்று விளக்கினாள். அவர் உடனே வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வந்தார். அவருடைய கால் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டிச் செடி சரளையோடு சரளையாக இருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். அவர் அதன் அருகில் குந்தி வெகு நேரம் பார்த்தார், இந்த முறை பாதையிலிருந்தே.

அங்கிருந்து ஹோலுவா குடில் ஒரு மைல் தூரம். 1937இல் கட்டிய மரக் குடில். முன்னால் புல்வெளி, உட்கார்ந்து சாப்பிடத் தோதான இடம். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்ததும் நேனே வாத்து ஜோடி ஒன்று நடந்து வந்தது. கழுத்தில் உழுது வைத்தது போல வரி வரியாய் இறகு. நீர்வாத்தாக இருந்து எரிமலைப் பாறையில் நடக்கப் பழகிவிட்டதால் விரலுக்கு நடுவே சவ்வு குறைந்து போன கால். இரண்டடி தூரத்தில் நின்று தாழ்ந்த குரலில் முனகியது. கொடுக்கத்தான் மனம் வரும், கொடுக்கக் கூடாது. மனிதர் கையில் தின்று பழகிய நேனே சாலைக்கு வந்து காரில் அடிபட்டுச் சாகிறது. மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தோம், அவை புல் மேய்ந்தபடி நகர்ந்துவிட்டன.

1950களின் தொடக்கத்தில் உலகத்திலேயே முப்பது நேனேதான் மிச்சம் என்ற நிலை இருந்தது. மாவியில் அதற்கு வெகு முன்பே ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்து, 1962இல் இந்த மலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பள்ளத்துக்குள் வண்டி வராதே! சாரணப் பையன்கள் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, நாங்கள் வந்த மாதிரியே நடந்து வந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் எதிரில் மேய்ந்த ஜோடி அந்தப் பையன்கள் சுமந்த பறவைகளின் வழிவந்ததாக இருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது.

கடைசி ஏற்றம் 300 மீட்டருக்கு மேல், செங்குத்துச் சுவரில் வளைந்து வளைந்து போகும் பாதை. கால் ஓய்ந்த நேரத்தில் வருவதால் நிதானமாகவே ஏறினோம். பாதி வழியில் மேகம் சூழ்ந்து தூறல் பிடித்தது. ஒரு திருப்பத்தில் பின்னாலிருந்து வெயில் அடிக்க, கீழே மேகத்தின் மேல் எங்கள் நிழல் விழுந்தது. என் தலை நிழலைச் சுற்றி ஒரு சின்ன வானவில் வட்டம். பக்கத்தில் நின்றவளுக்கு அவள் தலையைச் சுற்றி மட்டும்தான் தெரிந்ததாம். மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியைப் பார்ப்பவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதால் அவரவர் வட்டம் அவரவருக்கு.

வாகன நிறுத்தத்தை அடைந்தபோது ஓர் இளம் ஜோடி முதுகுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தது. ஹோலுவாவில் கூடாரம் போட்டு இரவு தங்கப் போகிறார்களாம். பாதை எப்படி என்று கேட்டார்கள். ஈரமாக இருக்கிறது, பார்த்து இறங்குங்கள், குடிலில் கிடைக்கும் தண்ணீரை வடிகட்டவோ கொதிக்க வைக்கவோ வேண்டும் என்று சொன்னோம். அண்ணா அவர்களுடைய வரைபடத்தை வாங்கி, கூடாரத்திலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்கும் சுற்றுப் பாதையைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார். பூத்த செடி பாதையை ஒட்டியே நிற்கிறது, காலையில் போனால் தேனீயையும் பார்க்கலாம், எல்லாம் பாதையில் நின்றபடியே தெரியும், கீழே இறங்கவே வேண்டாம் என்று.