புதுப்பிப்பு: மண் சரிந்த எங்கள் லயம், இப்போதைய நிலைமை

போன பதிவில், மண்சரிவில் எங்கள் லயத்தின் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்சுவர் விழுந்ததையும், பாடசாலை மண்டபத்தில் படுத்துக் கிடந்ததையும் புலம்பித் தள்ளியிருந்தேன். நிறையப் பேர் விசாரித்தீர்கள்.

வீடு இன்னும் கிடைக்கவில்லை. தகரக் கொட்டில்தான். ஆனால் அம்மா மறுபடி கொழுந்து எடுக்கப் போகிறார். முதல் நாள் பாதி மலையில் உட்கார்ந்து அழுதாராம். பக்கத்து நிரையில் நின்ற பெரியம்மா ஒன்றும் பேசாமல் தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அம்மாவின் கூடையில் போட்டிருக்கிறார். அன்றைக்கு அம்மாவுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்தது.

அப்புறம் தங்கச்சி. நேரான போத்தல் ஒன்றை வெட்டி மழைமானி செய்து வாசலில் வைத்திருக்கிறாள். நகப்பூச்சால் மூன்று கோடு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்கு இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகள்தான். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணில் புதைந்த மீரியபெத்தை என்ற தேயிலைத் தோட்டக் குடியிருப்புக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. போக இடம் இல்லாதவர்களிடம் எச்சரிக்கை மட்டும் சொன்னால் போதுமா என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

போன கிழமை ராத்திரி இரண்டாவது கோட்டைத் தண்ணீர் தொட்டது. தங்கச்சி கொட்டில் கொட்டிலாகத் தட்டி எல்லோரையும் எழுப்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போனோம். மண் சரியவில்லை. விடிந்ததும் திரும்பி வந்து பிளேன்டி குடித்தோம். "சும்மா தூக்கத்தைக் கெடுத்தவள்" என்று தாத்தா மட்டும் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அன்றைக்கு முதல் ஆளாகப் பையோடு நின்றவரும் அவர்தான்.