அக்காவின் பாடம் வருது, அவன் பாடம் மட்டும் வரல: உங்க வீட்டில் எப்படி?

ஈரோட்டு அம்மா, பிள்ளைகள் மூன்று

வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஓரிடத்தில் உட்காராத பிள்ளை ஒன்று, கூடவே மற்ற பிள்ளைகள் என்று சமாளித்த கதை இருந்தால் சொல்லுங்கள். முதலில் என் கதை.

மூத்தவளுக்கு 9, நடுப்பையனுக்கு 7, கடைக்குட்டிக்கு 3. மூத்தவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டிய 2020-இல் ஊரடங்கு வந்தது. வீட்டில் ஆரம்பித்த பாடம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகம் எல்லாம் அரசுப் பாடநூல்தான். நெட்டிலிருந்து இறக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டது.

நடுப்பையன் கணக்குப் போடுகிற அழகைக் கேளுங்கள். 42-இல் 17 போக எவ்வளவு? "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கணும்" என்று ஆரம்பிப்பேன். பென்சில் சீவ வேண்டும் என்பான். சீவுவான். சீவிய தூளை ஊதுவான். அது தங்கச்சியின் பால் டம்ளரில் போய் விழும். அவள் அழுவாள், நான் கத்துவேன். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு கணக்கு, அதுவும் நான் போட்டது. மாமியார் சமையலறையிலிருந்தே, "ஏம்மா, பள்ளிக்கூடத்துல போட்டா வாத்தியார் ஒரு அதட்டு அதட்டுனா உக்கோந்துக்குவான்" என்பார். எனக்கும் அந்த நேரத்தில் அது சரியாகத்தான் தோன்றும்.

ஒருநாள் மூத்தவளிடம், "பத்தாயிரத்துல எத்தனை நூறு இருக்கு?" என்று கேட்டேன். அவள் விரல் விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து "நூறு" என்று ஒரு குரல். உள்ளே படுத்துக் காரை உருட்டிக்கொண்டிருந்த இவன்தான். அன்றைக்குத்தான் உறைத்தது. பயல் கேட்காமல் இல்லை, அவன் பேரைச் சொல்லி அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வதைத்தான் கேட்பதில்லை. அடுத்தவர் பாடம் என்றால் ஒரு சொல் விடுவதில்லை.

மறுநாள் அவன் கணக்கை மூத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், வேண்டுமென்றே தப்பாக. சிலேட்டில் 42, கீழே 17. ஏழில் ரெண்டு போனால் அஞ்சு, நாலில் ஒண்ணு போனால் மூணு, விடை 35. சோபா முதுகில் குதிரை ஏறிக்கொண்டிருந்தவன் அப்படியே குதித்து வந்தான். "அம்மா, தப்பு! முப்பத்தஞ்சையும் பதினேழையும் கூட்டிப் பாரு, அம்பத்திரெண்டு வருது!" சாக்பீஸை என் கையிலிருந்து பிடுங்கித் திருத்தினான். பென்சில் சீவக் கேட்கவே இல்லை.

இன்னொரு மாற்றம் நேரத்தில். கஷ்டமான பிள்ளை என்று அவனைக் கடைசியாக வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு எனக்கே தெம்பு இருக்காது, குக்கர் வேறு கத்தும். இப்போது காலைச் சாப்பாடு முடிந்ததும் முதலில் அவன், கால் மணி நேரம். சின்னவளுக்கு வாசல்படியில் ஒரு பேசின் தண்ணீரும் நாலு டம்ளரும். பாவாடை நனையும், நனைந்தால் நனையட்டும்.

இதில் ஒரு சிக்கல். மூத்தவள் போன வாரம், "எனக்கு மட்டும் ஏன் எப்பவும் தப்பாவே சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நெல்லை அப்பா

எங்க வீட்டுல ரெண்டு பையன், ஒரு பொண்ணு. சின்னவன் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். "ஏல, காது கேக்கா இல்லையா?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! கடைசியில் பார்த்தால் அதுதான் உண்மை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான் என்று என் பெண்டாட்டிதான் முதலில் கவனித்தாள். காது டாக்டர் பார்த்துவிட்டு, சளி பிடித்ததில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு இது சகஜம், பெரும்பாலும் தானாக வடியும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். அதுவரை முகத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்து பேசச் சொன்னார். எங்களுக்கு வடிந்துவிட்டது. நான் அவனை முட்டிபோட வைத்த நாட்கள்தான் இன்னும் மனசில் நிற்கிறது.

உங்க பையனுக்குக் கட்டிலுக்கு அடியிலேயே கேட்கிறது, சரி. மற்றவர்கள் கவனம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் காதையும் கண்ணையும் ஒருதடவை காட்டிவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, நான்கு பிள்ளைகள்

இங்கே 2003-இலிருந்து தொடக்கப்பள்ளி கட்டாயம். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். ஆறாம் ஆண்டு முடிவில் பி.எஸ்.எல்.இ. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் உண்டு. சும்மா பாஸ் ஆனால் போதாது, அந்த ஆண்டு தேர்வு எழுதும் பள்ளிப் பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் கீழே இருக்கும் 33 விழுக்காட்டைத் தாண்டி நிற்க வேண்டும். அதனால் கவனம் சிதறுகிற பிள்ளை என்றால் நமக்குத்தான் வயிற்றில் புளி கரைக்கும்.

என் இரண்டாவது மகளுக்காக எங்கள் வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) வீட்டில் ஒரு அறையையே ஒழித்துக்கொடுத்தேன். பொம்மை இல்லை, படம் இல்லை, கதவும் சாத்தியாயிற்று. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்தாள். தண்ணீர், பாத்ரூம், "தம்பி என்ன செய்றான்?" இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கே திரும்பக் கூட்டி வந்தேன். இப்போது அவள் எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவேன். வாய் திறப்பதில்லை, அவள் நோட்டைப் பார்ப்பதுமில்லை. கீரை முடிகிறவரை அவளும் எழுதுகிறாள். நான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுவாள். ஏன் என்று கேட்காதீர்கள், கீரை வாங்கி மாளவில்லை.

சேலத்து அக்கா

ஈரோட்டுத் தங்கச்சி, தப்பாச் சொல்லிக்கொடுக்கற யோசனை அருமை. ஆனா பத்தாவதுக்கு என்ன பண்ணப் போறீங்க? எங்க வீட்டுல தினம் இதே கேள்விதான்.

ஈரோட்டு அம்மா

அக்கா, 12½ வயதானால் எட்டாவது தனித்தேர்வு எழுதலாம். 14 நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது. மாமியாரிடமும் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

நெல்லை அண்ணா சொன்னதற்காகக் காதைக் காட்டிவிட்டோம். நன்றாகக் கேட்கிறதாம்.

மூத்தவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், "தம்பிக்காகத்தான் கண்ணு தப்பாப் போடறேன்" என்று. கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு, "அப்போ தப்பை நான்தான் செலக்ட் பண்ணுவேன்" என்றாள். நாளைக்கு ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று போடலாமாம். ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்தால்தான் அவன் நம்புவானாம், ரொம்பத் தள்ளிப் போட்டால் வேண்டுமென்றே போட்டது என்று கண்டுபிடித்துவிடுவானாம்.